லிஃப்ட்காரர் மகனுக்கு ஒரு ஜோடி காலுறை

பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது சலவைக் கூடம். அங்கே வேலை பார்க்கிறவர்களில் பட்டப்பெயர் இல்லாதவர் கிடையாது. அவர்களில் ஒருத்திக்கு வாய்த்த பெயர் நெசமாக்கா. யார் எதைச் சொன்னாலும் கண்ணை விரித்து "நெசமாவா?" என்று கேட்பாள். அதில் கேலி இருக்காது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்படியே நம்பிவிடுவாள்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை, வளர்ந்த வீடு அப்படி. அவள் அப்பா தெய்வ பயம் உள்ளவர். "கதை விடாதே", "கதை அளக்காதே" என்று அதட்டும்போது மட்டும்தான் அந்த வீட்டில் கதை என்ற சொல்லே காதில் விழும். கதை என்றால் பொய்க்கு இன்னொரு பெயர் என்றே அவள் நினைத்து வளர்ந்தாள். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. கட்டியவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. அண்ணன் அவளைக் கூட்டிவந்து தன் இரண்டு அறை வீட்டில் ஒன்றைக் கொடுத்தார். அண்ணி தான் வேலை செய்யும் இடத்திலேயே அவளுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தாள்.

அண்ணி நேர் எதிரான ஆள். ஒரு ஈ அவள் வாய்க்குள் போனால் குடும்பம் குட்டியோடுதான் வெளியே வரும் என்று கூடத்தில் சொல்வார்கள். ஆனாலும் நாத்தனாரும் அண்ணியும் அப்படி ஒட்டி இருந்ததை அந்தக் கட்டடத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. அதற்கு வேலையும் ஒரு காரணம். சூட்டோடு வரும் பெரிய படுக்கை விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, பின்னால் போய் வெடுக்கென்று ஓர் உதறு உதறி இழுக்கவேண்டும். பிறகு பாதியாக்கி, நடந்து வந்து, ஒருத்தி கையில் உள்ள முனைகளை மற்றவள் கையில் சேர்க்கவேண்டும். நாள் முழுக்க இப்படிப் போவதும் வருவதும்தான். விலகி நிற்கையில் அண்ணி உரக்கச் சொல்வாள், நெருங்கி வருகையில் குரலைத் தாழ்த்துவாள். விரிப்புகள் அடுக்கடுக்காக உயரும், கதையும் கூடவே வளரும்.

அப்படித்தான் ஒருநாள் அண்ணியின் பேச்சில் ஒரு லிஃப்ட்காரரின் மகன் வந்து சேர்ந்தான்.

ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறார். அவர் குடியிருக்கும் இடத்திலோ லிஃப்ட் கிடையாது. காய்ச்சலில் கால் விளங்காமல் போன மகனை முதுகில் சுமந்துகொண்டு தினமும் உச்சி மாடிக்குப் படியேறுகிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் பையன், "அப்பா, எந்த மாடி சார் வேணும்?" என்று அவரைப்போலவே குரலை மாற்றிக் கேட்டுச் சிரிக்கிறான்.

இதைக் கேட்டதும் நெசமாக்காவின் கையிலிருந்து விரிப்பின் முனை நழுவியது. நெசமாவா என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து காலை ஜெபத்தில் அந்தப் பையனும் சேர்ந்துகொண்டான். அண்ணனுக்கு, அண்ணிக்கு, கொதிநீரில் கையைச் சுட்டுக்கொண்ட மெஷின்காரருக்கு, அப்புறம் அந்தக் குழந்தையின் காலுக்கு. அத்தோடு விடவில்லை. பையன் எழுந்து நடக்கிறவரை தேநீரில் சர்க்கரை சேர்ப்பதில்லை என்று தனக்குத்தானே ஒரு விரதம் வைத்துக்கொண்டாள். அண்ணி கேட்டபோது, "வேண்டாம்னு தோணுது" என்று சொல்லி விட்டுவிட்டாள். வேண்டுதலைத் தம்பட்டம் அடிப்பது அவளுக்குப் பிடிக்காது.

கதை நாளுக்கு நாள் நகர்ந்தது. பையனுக்கு ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நெசமாக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீலக் கம்பளி நூல் வாங்கி, ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து ஒரு ஜோடி சின்னக் காலுறை பின்னினாள். இந்த ஆஸ்பத்திரியிலும் லிஃப்ட் உண்டு, அதை ஓட்ட ஓர் ஆளும் உண்டு. அண்ணி ஊர் பேர் எதையும் சொல்லவில்லை. இவளும் கேட்டுக்கொள்ளவில்லை, இவர்தான் அவர் என்று எடுத்துக்கொண்டாள்.

ஒரு காலைப்பொழுது, லிஃப்டில் நிற்க இடமில்லாத கூட்டம். டாக்டர்கள், நர்ஸுகள், சாப்பாட்டு வண்டிக்காரர் என எல்லாரும் இருந்தார்கள். இவள் உள்ளே நெருக்கிப் போய் காலுறையை லிஃப்ட்காரர் கையில் வைத்தாள்.

"தம்பி, ஆபரேஷன் முடிஞ்சதும் பையனுக்குப் போட்டு விடுங்க. கால் சூடா இருக்கணும்."

அவர் காலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தப் பையனுக்கு?"

"உங்க பையனுக்குத்தான். நீங்க முதுகுல தூக்கிட்டுப் போறீங்களே."

"எனக்கு இன்னும் பொண்ணே பாக்கலைங்க" என்றார் அவர். "வீட்ல கேட்டா கொன்னுடுவாங்க."

லிஃப்ட் குலுங்கும்படி சிரிப்பு. அவள் படியிறங்கிக் கீழே வருவதற்குள் சேதி அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. மெஷின்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணியும் சிரித்தாள். மறைக்காமல், வாய்விட்டே சிரித்தாள். "அடி பைத்தியமே, அது நான் சும்மா கட்டினதுடி!"

நெசமாக்கா நேராக சூப்பர்வைசரிடம் போய், தன்னை அழுக்குத் துணி பிரிக்கும் பக்கத்துக்கு மாற்றச் சொன்னாள். யாரும் விரும்பிப் போகாத இடம் அது.

அண்ணியோடு வேறொருத்தி மடிக்க வந்தாள். விளிம்போடு விளிம்பு சேரவில்லை. இழுக்கிற வேகம் ஒத்துவரவில்லை. மடித்த அடுக்கெல்லாம் கோணிக்கொண்டு நின்றது. வீட்டிலும் அதே கதிதான். அண்ணன் நடுவில் உட்கார்ந்து, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்கிற மாதிரி, இந்தப் பக்கம் ஒரு வாய் பேச்சு, அந்தப் பக்கம் ஒரு வாய் பேச்சு என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரோஷம், நாலு நாளில் சரியாகிவிடும் என்று அண்ணி நினைத்தாள்.

அது ரோஷமாக இருந்திருந்தால் சரியாகியிருக்கும்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அண்ணி எட்டிப் பார்த்தபோது, நெசமாக்கா எப்போதும் ஜெபம் செய்யும் சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். கை கூப்பி இருந்தது. உதடு அசையவில்லை. கொஞ்சநேரம் அப்படியே இருந்துவிட்டு, கையைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டாள். அண்ணி உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னுமா கோபம்? நாலு பேர் சிரிச்சா என்ன, பல்லு சுளுக்கிக்கும், தானா நிறுத்திடுவாங்க."

"சிரிச்சதுக்கு இல்ல அண்ணி. நான் சாமிகிட்ட பொய் சொல்லிட்டேன். இல்லாத புள்ளைய இருக்கான்னு சொல்லி, தினமும் அழுது கேட்டிருக்கேன். இப்ப வாயத் திறந்தா, நம்மள என்ன நினைப்பாரோன்னு வார்த்தையே வரமாட்டேங்குது."

சர்க்கரை இல்லாத தேநீரைப் பற்றியும் அப்போதுதான் சொன்னாள்.

அண்ணியின் முகத்தில் சிரிப்பு சுத்தமாக இறங்கிப்போனது. தன் வாய் வார்த்தை இன்னொருத்தியின் ஜெபம்வரை போய் நிற்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. மன்னிப்பு கேட்டாள். அதனால் ஒன்றும் மாறவில்லை. பிறகு, பாத்திரத்தில் ஒட்டினதைச் சுரண்டுகிற மாதிரி, யோசித்து யோசித்துச் சொல்ல ஆரம்பித்தாள். இதுவரை அவளை யாரும் எப்படிக் கதை கட்டுகிறாய் என்று கேட்டதில்லை, அவளும் நின்று நினைத்ததில்லை.

வெளி நோயாளிகள் வாசலில் ஒரு நாள் அவள் ஒருவரைப் பார்த்தாளாம். மகனை முதுகில் சுமந்துகொண்டு படி இறங்கிப் போனார். முகம் தெரியவில்லை. வெறும் முதுகும், அதன்மேல் இரண்டு மெலிந்த காலும். அன்று முழுக்க மடித்த விரிப்பிலெல்லாம் அந்தக் காலே தெரிந்தது. இவர் எங்கே போகிறார், எத்தனை படி ஏறணும் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் தெரியாததால் தானே ஒன்றை வைத்தாள். படிக்குத் தங்கள் மாடி வீட்டுப் படியை வைத்தாள். சும்மா படியேறினால் கேட்கிறவர்களுக்குப் பத்தாது என்று லிஃப்டை வைத்தாள்.

"அப்ப அந்தச் சிரிப்பு?" என்றாள் நெசமாக்கா. "எந்த மாடி சார்னு கேக்குமே."

"அது உன் சிரிப்பு. வந்த புதுசுல படியேறி மூச்சு வாங்கும்போதெல்லாம் நீ சிரிப்பே. அத எடுத்துக்கிட்டேன்." அண்ணி அவள் கையைப் பிடித்தாள். "முதுகு நெசம். அந்தக் காலு நெசம். மத்ததெல்லாம் நான் வச்சுத் தைச்சது. உன்ன ஏமாத்தணும்னு இல்லடி. அந்த ஆளு போன பெறகும் என்னால விட முடியல, அவ்வளவுதான்."

நெசமாக்கா நினைத்துப் பார்த்தாள். ஏமாற்ற நினைக்கிறவன் எதிராளியிடமிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போவான். அண்ணி எதை எடுத்தாள்? முகம் தெரியாத ஒருத்தரைக் கொண்டுவந்து இவள் கையிலல்லவா கொடுத்திருக்கிறாள். இவள் மடிக்கிற விரிப்பிலும் யார் படுக்கப்போகிறார் என்று இவளுக்குத் தெரியாது. அதற்காக ஒரு சுருக்கத்தையாவது விட்டுவைத்ததுண்டா?

"அந்த மெலிஞ்ச கால் யாருதுன்னு அவருக்குத் தெரியும்தானே அண்ணி" என்றாள், மேலே கையைக் காட்டி.

அண்ணி ஆமாம் என்றாள். இந்த முறை நெசமாவா என்று அவள் கேட்கவில்லை. கையைக் கூப்பினாள். அண்ணி சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனாள்.

அடுத்த வேலைநாள் நெசமாக்கா பழைய இடத்தில் வந்து நின்று விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்தாள். இருவரும் பின்னால் போய் ஓர் உதறு உதறினார்கள். நெருங்கி வந்தபோது, "ஆபரேஷன் என்னாச்சு?" என்றாள்.

"எல்லாம் நான் வச்சதுன்னு சொல்லிட்டேனே."

"தெரியும். சொல்லுங்க."

பையன் ஆபரேஷன் மேஜையில் டாக்டரிடமும் எந்த மாடி சார் என்று கேட்டானாம். நெசமாக்கா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். தேநீர் வந்தபோது சர்க்கரை வேண்டாம் என்றாள். பையன் இன்னும் நடக்கவில்லையே.

மதியம் மடித்த துணியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு லிஃப்டுக்குள் போனாள். லிஃப்ட்காரர் அவளைக் கண்டதும் வாய்க்குள் சிரித்தார்.

"என்னக்கா, என் பையன் எப்படி இருக்கான்?"

கிண்டல்தான். இருந்தாலும் பொத்தான்களுக்கு மேலே ஆணியில் அந்த நீலக் காலுறை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பையன் எழுந்து நிற்கிற இடத்துக்கு அண்ணியின் கதை இன்னும் வரவில்லை. நடக்காத ஒன்றை நெசமாக்காவின் வாய் வாழ்நாளில் சொன்னதும் இல்லை.

"கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஒரு கால ஊனி நின்னான் தம்பி. உங்களத்தான் கூப்பிட்டான். நீங்க அப்ப லிஃப்ட்ல இருந்தீங்க."

அவர் கை பொத்தானின்மேல் அப்படியே நின்றது.

"நெசமாவா?" என்றார்.

"கதையில" என்றாள் நெசமாக்கா. "கதவ மூடுங்க, மேல காத்துக்கிட்டிருப்பாங்க."