அறுநூறு கிராம் சமையலறை

என் மோட்டார் சைக்கிளில் ஒரு சமையலறை இருக்கிறது. எடை அறுநூறு கிராம். சொம்பு அளவில் ஒரு டைட்டானியம் பாத்திரம், அதற்குள்ளேயே அடங்கிவிடும் உள்ளங்கை அடுப்பு, ஒரு சின்ன கேஸ் டப்பா. டப்பாவை சைலன்சர் சூடு படாத பக்கமாக நிமிர்த்தி வைக்க வேண்டும். எடை குறையட்டும் என்று கரண்டியின் காம்பைக்கூட அறுத்துவிட்டேன். எல்லாம் ஒரே ஒரு ஆளுக்கு.

போன மாதம் அலுவலகத்து ஆண்கள் மூன்று பேரோடு மலைக்குக் கிளம்பினேன். மயூர் விஹாரில் என் வீட்டு வாசலுக்கே, மூவரில் ஒருவரான டீம் லீடர் வந்துவிட்டார். டெல்லியிலேயே பிறந்த தமிழர். கையில் ஐந்து லிட்டர் குக்கர்.

"இதை உன் வண்டில கட்டிக்கோ. ராஜ்மா வாங்கியாச்சு. கிச்சன் டிபார்ட்மென்ட் உன்னோடதுதானே?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மூன்று ஆண்களுக்குச் சமைத்துப் போட அவ்வளவு தூரம் படித்திருக்க வேண்டியதில்லை.

"என் கிச்சன்ல ஒரு ஆளுக்குத்தான் இடம் சார். உங்க பின்சீட் காலியாத்தானே இருக்கு."

"அரே, லேடீஸ் இருக்கும்போது நாங்க ஏன் சமைக்கணும்?"

"நீங்க எம்.பி.ஏ. சார். சீக்கிரம் கத்துக்குவீங்க."

குக்கர் அவர் வண்டியில் ஏறியது. அன்று சாயங்காலம் கூடாரத்தின் முன்னால் மூன்று பட்டதாரிகளும் விறகு மூட்டி, புகையில் கண் கலங்கி, விசில் விசிலாக விட்டார்கள். ராஜ்மா கூழாங்கல்லாகவே இருந்தது. நான் என் உப்புமாவைச் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ராஜ்மாவை முதல் நாளே ஊற வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என்னைச் சமைக்கச் சொன்னார்களே தவிர, எப்படிச் சமைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.