ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டி

என் கணவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. ஈசிஆர் சாலையில் பைக்கில் போனபோது ஒரு வேன் இடித்துவிட்டுப் போனது. செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறார். சிமெண்ட் தரையில் அதை வைத்துக்கொண்டு நன்றாகவே நடப்பார். மணலில் வைத்தால் புதைந்துவிடும். எங்கள் வீடோ கோவளம் குப்பத்தில், வாசலில் நின்றாலே அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து அந்தக் கடலில் தொழில் செய்த மனிதருக்கு, இப்போது கரைக்குப் போக யாராவது தோள் கொடுக்க வேண்டும். கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. அவருக்குத்தான் மனம் ஒப்பவில்லை, போவதையே நிறுத்திவிட்டார். வீட்டில் உட்கார்ந்தபடி படகு இன்ஜின்களை ரிப்பேர் செய்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

அதனால், ஒரு வண்டி செய்து ஓட்டப்போகிறேன் என்று அவர் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. ஓஎம்ஆர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மாணவர்கள் போட்டிக்கென்று ஆரம்பித்துப் பாதியில் கைவிட்ட குட்டிக் கார் ஒன்றைப் பேசி எடுத்து வந்தார். கார் என்பது மரியாதைக்குச் சொல்வது. குழாய்களை வளைத்து வெல்டிங் செய்த சட்டம், நான்கு சக்கரம், இரண்டு சீட், ஒரு ஸ்டீயரிங். மேலே கூரையும் கிடையாது, பின்னால் இன்ஜினும் கிடையாது. இதற்கு நம்பர் வாங்க முடியாது, மெயின் ரோட்டில் ஏற்றவும் முடியாது. அவருக்கு அதெல்லாம் வேண்டாம். வீட்டிலிருந்து கரை வரைக்கும் தனியாகப் போய்த் தனியாக வர வேண்டும். அது ஒன்றுதான் ஆசை.

எந்த இன்ஜினைப் போடுவது என்பதில் சண்டை ஆரம்பித்தது. நான் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். காலையில் கம்பெனி பஸ் ஏறும்போதும் இதே பேச்சு, சாயங்காலம் இறங்கி வந்தாலும் இதே பேச்சு. பெரிய பைக்குகளின் இரட்டை சிலிண்டர் இன்ஜினை முதலில் பார்த்தார். பலம் இருந்தது, ஆனால் அந்தக் கனத்துக்குச் சட்டமே தாங்காது. ஆபீஸ் போகிறவர்கள் ஓட்டுகிற சின்ன பைக் இன்ஜின் எடை குறைவுதான். ஆனால் அது காற்றில் குளிர்கிற இன்ஜின். சீட்டுக்குப் பின்னால் அடைத்து, மணலில் மெதுவாக உருட்டினால் காற்றுக்கு எங்கே போவது? சீக்கிரமே கொதித்துவிடும்.

"ஆட்டோ இன்ஜின் போடுயா. அதுல ரிவர்ஸ் கீது," என்றேன்.

"இன்னாமே, நான் இன்னா சவாரியா ஏத்தப் போறேன்? கியர்பாக்ஸோட சேத்து அது செம வெயிட்டு. மண்ணுல ஒக்காந்துக்கும்."

"பைக் இன்ஜினு பின்னாடி போவாதே. முன்னாடி எதுனா நின்னுகினு இருந்தா இன்னா பண்ணுவ?"

"கர எம்மாம் பெருசு! வளைச்சிகினு வந்துர மாட்டேன்?"

எடை, எடை, எடை. அந்த மாதங்களில் அவர் வாயில் வேறு வார்த்தையே வரவில்லை. மீன் நிறுக்கிற தராசை உத்தரத்தில் கட்டி, கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் அதில் தொங்கவிட்டுப் பார்ப்பார். இரண்டாவது சீட்டைக் கழற்றி எறிந்தார். அது நான் உட்கார வேண்டிய சீட். கேட்டால், "நீ இன்னாத்துக்கு? நான்தான தனியா போறேன்," என்றார். எனக்குச் சுருக்கென்றது.

கடைசியில் அவர் எந்த இன்ஜினுக்கு வந்து நிற்பார் என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. கொல்லையில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே அவருடைய பைக் கிடந்தது. முன்பக்கம் நசுங்கியிருந்தாலும் இன்ஜினில் ஒரு கீறல் கிடையாது. ஒற்றை சிலிண்டர், தண்ணீரில் குளிர்கிற வகை, ரேடியேட்டரும் ஃபேனும் கூடவே இருந்தன. கைக்கு அடக்கமான இன்ஜின், சட்டத்துக்கு அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்தது. அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போடு என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து கெஞ்சியவள் நான். அவர் காலைத் தின்ற வண்டி. அதன் சத்தம் மறுபடியும் என் வீட்டில் கேட்கக் கூடாது என்று இருந்தேன். என் பேச்சு எடுபடவில்லை. இடது காலால் போட வேண்டிய கியரைக் கையால் போடும்படி ஒரு கம்பி வைத்து மாற்றினார், சக்கரத்துக்குச் செயின் கொடுத்தார். முதல்முறை ஸ்டார்ட் ஆனபோது அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. நான் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார். என்னை வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சந்து முனையில் நின்று சத்தத்தைக் காதால் பின்தொடர்ந்தேன். மணலில் வண்டி சிக்கவில்லை, எடை விஷயத்தில் மனிதர் சொன்னது சரிதான். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. பிறகு பல பேர் சேர்ந்து கத்துவது கேட்டது, கடைசியில் ஒரு பெரிய சிரிப்பு. ஓடலாமா என்று நினைத்தேன். அதற்குள் இன்ஜின் சத்தம் திரும்பி வந்தது.

வாசலில் வண்டியை நிறுத்தியவர் இறங்கவில்லை.

"இன்னாயா ஆச்சு?"

"ஒன்னியும் ஆவல. ஐஸ் பொட்டி கொட்டாய்க்கும் வலைக் குவியலுக்கும் நடுவுல பூந்துட்டேன். எதுர்ல படகக் கையால மேட்டுக்கு ஏத்திகினு இருந்தானுங்க. பின்னாடி எடுக்க முடில. இரு அண்ணாத்தன்னு நாலு பேர் வந்தானுங்க. என்னோட சேத்து வண்டியத் தூக்கி, திருப்பி வச்சிட்டானுங்க."

"அவ்ளோதான?"

"அவ்ளோதான். தக்கையா கீதுன்னு சிரிச்சானுங்க."

எங்கள் குப்பத்தில் டிராக்டர் வராத நாளில் படகைக் கையால்தான் மேட்டுக்கு ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் மணலில் எவனும் சும்மா நிற்க முடியாது. சென்னையிலிருந்து படம் பிடிக்க வந்தவனையும், கல்யாணத்துக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தவனையும் அதட்டிக் கூப்பிட்டுப் படகில் கை வைக்கச் சொல்வார்கள். கூப்பிடாவிட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள். என் கணவர் அந்தப் படகுகளுக்குத் தோள் கொடுத்தே வளர்ந்தவர்.

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்: "ஒருத்தனும் என்ன எறங்க சொல்லலமே. வந்து ஒரு கை புடின்னு ஒருத்தன் வாயிலயும் வர்ல."

சட்டத்தைக் கைப்பிடி மாதிரி பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் ஊன்றி இறங்கினார். உள்ளே போகும்போது என்னைப் பார்க்காமல், "நீ சொன்ன ஆட்டோ இன்ஜினயே பாத்துரலாம்," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை மாதம் மல்லுக்கட்டினேன். அது கிடைத்த அன்று வாசலில் நின்று அழுதேன்.