புகைக்கூடச் சுவரில் நூறு வருஷம்

ஜப்பான்காரன் காலத்தில் நான் ஓவியனாக இருந்தேன். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மலாயாவில் லிங்கிப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் பால் மரங்களுக்கு நம்பர் போடுவதுதான் என் வேலை. ஒரு வாளிச் சுண்ணாம்பு, ஒரு பிரஷ், நிரை நிரையாக மரங்கள். வெள்ளைக்காரத் துரை தப்பி ஓடிய பிறகு பால் வாங்க ஆளில்லை. புதிதாக வந்த ஜப்பானிய அதிகாரி பாதி மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்.

அவர் தன் ஊரில் படம் வரையப் படித்தவராம். போருக்கு வந்த இடத்திலும் ஆசை விடவில்லை. ஒருநாள் காலை எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி என்னைத் தேடி எங்கள் கூலி லயத்துக்கே வந்தார். மூன்று மாதம் ஜப்பான் மொழி வகுப்புக்குப் போய், குனிந்து கும்பிடுவதில் மட்டும் தேறியவர்.

"புகைக்கூடத்துச் சுவத்துல பெரிய படம் வேணுமாம். நூறு வருசம் கழிச்சு மனுசனும் காடும் எப்படி இருக்கும்னு."

"எனக்கு எப்படிங்கய்யா தெரியும்? நாளைக்குக் கஞ்சி உண்டான்னே தெரியல."

"இங்க பிரஷ் பிடிச்சவன் நீ ஒருத்தன்தான் லா. மாட்டேன்னா அறை எனக்குத்தான் விழும்."

ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் அந்தக் கூடம் சும்மா கிடந்தது. சுண்ணாம்பு, செம்மண், தார் என்று மூன்று நிறம் சேர்த்தேன். முதல் நாள் ஒரு மனிதனை வரைந்தேன். மரவள்ளிக் காட்டிலிருந்து வந்த என் மனைவி நின்று பார்த்தாள்.

"குரங்கு நல்லா வந்திருக்கு" என்றாள்.

"மண்டோர் மூஞ்சி மாதிரி இருக்கு. வம்பு, அழிச்சுடு" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். ஊரிலிருந்து என்னோடு ஒரே கப்பலில் வந்தவன்.

எங்களை வேலை வாங்குகிற மண்டோரைப் பகைக்க முடியுமா? அழித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது நேர்கோடு மட்டும்தான். நிற்கிற மரத்துக்கு வெள்ளைக் கோடு, வெட்டிய மரத்துக்குச் செம்மண் கோடு என்று இழுக்க ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் என்னவோ போலிருந்தது. எந்த மரம் சாய்ந்து நின்றது, எதன் பட்டையில் கட்டெறும்பு ஏறும் என்பதெல்லாம் நினைவுக்கு வந்தது. மரம் விழுந்தபோது வராத துக்கம் கோடு போடும்போது வந்தது. மனைவி சிரிப்பாள் என்று வெளியே சொல்லவில்லை.

அந்த வாரம்தான் அதிகாரி எங்களை வரிசையில் நிறுத்தி, இனிமேல் காடு மனிதனுக்கு அடங்கி நடக்கும் என்று பேசினார். இரண்டு நாளில் பன்றிக் கூட்டம் ஒன்று வந்து மரவள்ளியில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது. பன்றிகளுக்கு ஜப்பான் மொழி தெரியாது. நான் தாரை எடுத்துச் சுவரின் கீழிருந்து மேலே ஏற்றினேன். அது காடு. கோடுகளில் பாதியை அது விழுங்கியது.

அதிகாரி பார்க்க வந்தார். கிராணி முந்திக்கொண்டு, தெரிந்த சொற்களை எல்லாம் சேர்த்து, கறுப்பு மனிதனின் வீரம், சிவப்பு அணிவகுத்து வரும் சிப்பாய்கள் என்று விளக்கினார். அதிகாரி அவரைப் பொருட்படுத்தாமல் என்னிடம் மலாயில், ஆள் எங்கே என்று கேட்டார்.

பயத்தில் எனக்குப் பொய் வரவில்லை. "சுடா ஹாபிஸ், துவான்" என்றேன். ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள், ஐயா என்று அர்த்தம்.

கிராணியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அதிகாரி நெடுநேரம் சுவரையே பார்த்தார். பிறகு திரும்பி கிராணியை ஓங்கி ஓர் அறை விட்டார், படத்தைத் தப்பாக விளக்கியதற்காக. சுவரைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். படம் இன்னும் முடியவில்லை, முடிகிறவரை இவன் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். லயத்து வாலிபர்கள் எல்லோருடைய பேரும் பட்டியலில் இருந்தது. என் பேர் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனைத் தம்பின் ஸ்டேஷனுக்கு லாரியில் ஏற்றியபோது நான் ஏணிமேல் நின்றிருந்தேன். அவன் கையாட்டினான். என் கையில் பிரஷ் இருந்தது. அவன் மனைவி அதன்பின் எங்கள் வீட்டுக்கு உப்பு கேட்டு வரவில்லை.

நான் படத்தை முடிக்கவே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். மெதுவாக வேலை செய்வது தோட்டத்தில் குற்றம். கலையில் அதுவே பெருமை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதிகாரி வந்து பார்ப்பார், தலையாட்டுவார், போவார். கிராணி கன்னத்தைத் தடவிக்கொண்டே தூரத்தில் நிற்பார்.

சண்டை ஓய்ந்தது. அதிகாரியைக் காணவில்லை. சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரன் திரும்பி வந்தான். காலில் எலும்பு தெரிகிற புண். கம்பை ஊன்றிக்கொண்டு புகைக்கூடத்துக்கு வந்து சுவரை மேலும் கீழும் பார்த்தான்.

"இதத்தான் இத்தனை நாளா போட்டுக்கிட்டு இருந்தியா?"

"ஆமா."

"நாங்க போட்ட கோடு இதவிட நீளம் லா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

புதிய வெள்ளைக்காரத் துரை வந்ததும் இது என்ன அசிங்கம் என்று கேட்டார். "பூஞ்சைக் கறை, சார்" என்றார் கிராணி. அழிக்க உத்தரவானது. நான் ஏணியில் ஏறிச் சுண்ணாம்பு அடித்தேன். தார் மட்டும் மூன்று பூச்சு வாங்கியது. மனைவி வந்து நின்று பார்த்தாள்.

"இப்பத்தான் சுவரு சுவரா இருக்கு" என்றாள்.