பச்சை உடம்புக்காரியின் தாகம்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பார்கள். என் தாய்வீடு பொகவந்தலாவைப் பக்கம். அம்மா வந்து கூட்டிப்போவதற்குள் பிள்ளைக்கு என்ன அவசரமோ, கொட்டகலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் எங்களுக்கிருந்த ஒற்றை அறைக் காம்பராவிலேயே பிறந்துவிட்டான்.

பிள்ளையை எடுத்தது தோட்டத்து மருத்துவச்சி. ஆனால் என் இடுப்பை நீவிவிட்டு, "கத்துடி, தொரை பங்களா வரைக்கும் கேக்கட்டும்" என்று அந்த வலியிலும் என்னைச் சிரிக்க வைத்தது பக்கத்துக் காம்பரா அக்கா. என்னைப் போலக் கொழுந்தெடுப்பவள்தான். லயத்தில் யாருக்கு வலி கண்டாலும் கூப்பிடாமலே வந்து நிற்பாள்.

"நல்லா தண்ணி குடிம்மா, அப்பதான் பால் ஊறும்" என்று சொல்லிவிட்டு மருத்துவச்சி கிளம்பினார். மாமியார் பவ்வியமாகத் தலையாட்டினார். மருத்துவச்சி வாசலைத் தாண்டியதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அடுப்படி மூலையில் வைத்தார்.

"பச்ச ஒடம்புக்காரி. தண்ணி குடிச்சா வயிறு ஊதிரும், புள்ளைக்குச் சளி புடிச்சிரும்."

பூண்டுக் குழம்பும் சோறும் தாராளமாக வந்தன. தண்ணீர் மட்டும் வாய் நனைக்க ஒரு மடக்கு. மறுநாள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பால் சரியாகச் சுரக்கவில்லை. பிள்ளை சப்பிப் பார்த்துவிட்டு வீரிட்டு அழுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குடத்தைப் போட்டு உடைத்திருப்பேன், எழுந்திருக்கத் தெம்பில்லை.

வேலை விட்டு வந்த அக்கா என்னையும் பார்த்தாள், மூலையிலிருந்த குடத்தையும் பார்த்தாள். சண்டைக்குப் போகவில்லை. சட்டி நிறையத் தண்ணீரில் நாலு கொத்தமல்லியைத் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றிக் கொண்டுவந்தாள்.

"அத்தே, இது பால் ஊறுற மருந்துங்க. செம்பு செம்பா குடிக்கணும்."

"மருந்தா? அப்பக் குடு."

மல்லி அதில் பேருக்குத்தான் இருந்தது. மடமடவென்று குடித்தேன். அக்கா கண்ணடித்ததில் சிரிப்பு வந்து புரையேறியது. அப்புறம் தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு சட்டி மருந்து வந்தது. பாலும் வந்தது. பிள்ளை வயிறு நிறைந்து தூங்கினான். மாமியாரை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று எங்கள் இருவருக்கும் ஒரே பெருமை.

பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் தீட்டுக் கழித்த அன்று மாமியார் எனக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"அத்தே, அது மருந்தே இல்ல. வெறும் தண்ணி."

"எனக்குத் தெரியாதா? தண்ணின்னு குடுத்தா லயமே என்னைய ஏசும். மருந்துன்னா யாரு கேப்பா?" சீப்பு கொஞ்சம் நின்றது. "நான் புள்ள பெத்தப்ப தாகத்துல செத்துப் பொழச்சேன்டி. எனக்கு இப்பிடி ஒருத்தி வரல."

திரும்பி அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"தலைய ஆட்டாதடி, சிக்கு எடுக்கணும்" என்றார்.