ரமிரோவும் என் மாட்டுமணியும்

போன சனிக்கிழமை, ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு சாமத்தியவீடு. இந்தியாக்காரர் மஞ்சள் நீராட்டு என்பார்கள். மண்டபத்தில் புகை விட்டார்கள். மெசினில் வரும் வெள்ளைப் புகை. மூக்கில் ஏறினால் முதலில் இனிக்கும், பிறகு இருமல் வரும். டிஜே மைக்கில் கத்தினான்: "அடுத்தது அப்பாவும் மகளும் டான்ஸ்!" சனம் கைதட்டியது. நான் மட்டன் ரோலைக் கீழே வைத்தேன். இந்த டான்ஸை எங்கள் ஆட்களுக்குக் கொண்டுவந்தது ரமிரோ. சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீங்களாவது கேளுங்கள்.

ரமிரோ கொலம்பியாக்காரர். சல்சா ஆட்டத்துக்கு வாசிக்கும் பான்ட் ஒன்று வைத்திருந்தார். ட்ரொம்போன் என்ற நீளப் பித்தளைக் குழல் ஊதுவார். முதன்முதல் ஊதியது தன் ஊரில் செத்தவீடுகளுக்கு. பிறகு கப்பலில். பிறகு ரொறன்ரோ. பகலில் ஒஃபிஸ்களைக் கூட்டித் துடைப்பார், வெள்ளியும் சனியும் ராசா. பார்க்டேலில் எனக்கு மேல் வீடு. ஊதல் தாங்காமல் ஒருநாள் சண்டை பிடிக்கப் படியேறினேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய், கை முழுக்கச் சுருக்கு வைத்த வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் நெஞ்சில் பிடித்தார்.

"ஷர்ட் ஓகே. யூ ஓகே."

பான்டில் மணி அடித்தவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். சட்டை மிச்சம். அதுதான் என் சங்கீதத் தகுதி. மன்னாரில் கோவில் பெருநாளுக்கு பைலாப் பாட்டுக்கு மேளம் அடித்தவன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை.

எனக்குத் தந்தது மாட்டுமணி. நாக்கில்லாத மணி, தடியால் அடிப்பது. நீ நிறுத்தினால் சனம் கதிரையில் இருந்துவிடும் என்றார். சனம் குந்தியிருப்பது அவருக்குச் சாவு. மேடையில் நின்று பெண்களைப் பார்க்கமாட்டார், கதிரைகளைத்தான் பார்ப்பார். என்னைக் கடைசிவரை "இந்து" என்றே கூப்பிட்டார். நான் வேதக்காரன், கழுத்தில் அந்தோனியார் தொங்குகிறார். காட்டினால், "யெஸ், இந்து" என்பார். ஸ்பானிஷில் ஒரு சொல்லும் தெரியாமல் எல்லாப் பாட்டுக்கும் பின்பாட்டுப் பாடினேன். பெண்கள் வந்து கதைத்தால் சிரிப்பேன். அடக்கமான ஆள் என்று பேர் வந்தது.

பிறகு கிளப்புகள் மூடின. மூடாத இடங்களில் ஒரு பெடியன் கொம்பியூட்டரோடு வந்து நின்றான். பான்ட் பாதியானது. ரமிரோ மீசைக்குச் சாயம் பூசுவதை விட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. எங்கள் ஆட்கள் சனிக்கிழமை என்றால் மண்டபத்தில்தான் இருப்பார்கள் என்று சொல்லிவைத்தேன்.

"எவ்ரி சற்றடே?"

"சண்டேயும்."

அன்றைக்கே மீசை கறுத்தது.

என்னோடு பேக்கரியில் வேலை செய்த குலம் மகளுக்குச் சடங்கு வைத்தான். அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி வீட்டுக் கொண்டாட்டத்துக்குக் குதிரை வண்டி வந்திருந்தது. குலத்துக்கு அதற்கு மேலே ஏதாவது வேண்டும்.

"ஸ்பானிஷ் பாட்டு. ஒருதருக்கும் விளங்காது," என்றேன்.

"அதுதான் வேணும். விளங்கினால் குறை சொல்லுவினம்."

இது பிடித்துவிட்டால் வரிசையாக மண்டபங்கள். பிடிக்காவிட்டால் பான்டின் கதை முடிந்தது. ரமிரோ எல்லோர் சட்டைக்கும் தானே கஞ்சி போட்டார்.

சடங்கு எதற்கென்று கேட்டார். என் வாயால் எப்படிச் சொல்வது? பேர்த்டே மாதிரி என்றேன். மண்டபத்தில் நீளச் சட்டை, கிரீடம், கேக், புகை எல்லாம் பார்த்தவர் தலையாட்டினார். அவர் ஊரிலும் பெண்பிள்ளைக்குப் பதினைந்து வயதில் இதேதானாம்.

அடிக்கத் தொடங்கினோம். சனம் அசையவில்லை. எல்லோர் கையிலும் தட்டு. வீடியோக்காரப் பெடியன் என் காதுக்குள் வந்தான்.

"அண்ணை, உந்தக் குழல்காரரைத் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ. பிள்ளையை மறைக்கிறார்."

ரமிரோ கதிரைகளைப் பார்த்தார். ஒன்றும் காலியில்லை. மைக்கைப் பிடித்தார்.

"பாப்பா! டான்ஸ் வித் டோட்டர்!"

அவர் ஊரில் தகப்பன் ஆடாவிட்டால் கொண்டாட்டம் இல்லையாம். எங்களில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. குலம் மனைவியைப் பார்த்தான். அவள் ஐயரைப் பார்த்தாள். ஐயர் கைப்பேசியைப் பார்த்தார். சரி, சனி ஞாயிறெல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது பிள்ளையின் தாய்மாமன் எழும்பினார்.

"அத்தான், பொறுங்கோ. தாய்மாமன் நான் இருக்க நீங்கள் என்னெண்டு முதல் ஆடுவியள்?"

"நான் எங்கயடா ஆடுறன் எண்டனான்?"

"அப்ப ஆடமாட்டியளோ? பெத்த பிள்ளையெல்லோ?"

"ஆராவது ஒராள் ஆடித் துலையுங்கோ," என்றாள் குலத்தின் மனைவி. "சோறு ஆறுது."

மாமன் ஆடினார், கோழி கலைப்பதுபோல. பிறகு குலம். ஆடினான் என்று சொல்லமுடியாது. இடம் மாறி இடம் மாறி நின்றான். பிள்ளை அவன் காலை மிதித்துவிட்டுச் சிரித்தது. குலம் அழுதுவிட்டான். ரமிரோ ஊதியது அவரே கட்டிய பாட்டு. மெதுவாகத் தொடங்கும், பாதியில் வேகம் பிடிக்கும். அங்கேதான் என் மணி. அடித்தேன். சனம் முழுக்க எழும்பியது. ஆட அல்ல, கமராவோடு. ரமிரோவுக்கு அது போதும்.

"லுக், இந்து! நோபடி இன் சேர்!"

அடுத்த கிழமையே ரெலிபோன் கோல் வந்தது. அந்த வீடியோக்காரப் பெடியன்.

"அண்ணை, அந்த அப்பா டான்ஸை எல்லா வீட்டிலயும் கேக்கினம்."

ரமிரோ என் பக்கத்தில் நின்றார். பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

"அந்தப் பாட்டின்ர சீடி இருக்கோ அண்ணை?"

இருந்தது. நாங்களே அடித்த சீடி. பாட்டைக் கேட்கிறார்கள் என்று ரமிரோ சந்தோசமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு மண்டபமும் எங்களைக் கூப்பிடவில்லை. கொஞ்சக் காலம் சனிக்கிழமைகளில் சட்டையை அயன் பண்ணிக் கொழுவி வைத்திருந்தார். பிறகு மீசை வெளுத்தது. பிறகு ஆளும் போய்விட்டார். என் சட்டை இன்னும் இருக்கிறது. வயிற்றில் பூட்டாது.

போன சனிக்கிழமையும் அதே பாட்டுத்தான். ரமிரோவின் ஊதல். தகப்பன்காரன் மகளோடு இடம் மாறி இடம் மாறி நின்றான். நான் காத்திருந்தேன். பாதி வந்தது. இனி வேகம் பிடிக்கும். டிஜே டக்கென்று வெட்டிவிட்டு ஒரு குத்துப்பாட்டைப் போட்டான். எல்லா மண்டபத்திலும் அந்த இடத்தில்தான் வெட்டுகிறார்களாம். சோறு ஆறிவிடும்.

வெட்டின இடத்திலிருந்து நான் கரண்டியால் கிளாசில் அடித்தேன்.

"என்னப்பா செய்யிறியள்?" என்றாள் மனைவி. "சனம் பாக்குது. கரண்டியை வையுங்கோ."

வைத்தேன்.