சுவரிலிருந்து உரித்த முகம்

என் கணவர் சுவரொட்டிகளை உரித்தெடுத்துப் படைப்பாக்குபவர். ஓவியர் என்று சொன்னால், செங்கல்பட்டில் எங்கள் தெருவில் கோயில் சுவருக்கு வர்ணம் அடிப்பவரா என்று கேட்பார்கள். அதனால் நான் ஒன்றும் சொல்வதில்லை. வருடக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய தாள்கள் சுவரில் அட்டைபோல் கெட்டியாகிவிடும். கட்சி மாநாடு, காதணி விழா, புதுப்படம், கண்ணீர் அஞ்சலி. அவர் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, தோசைத் திருப்பியால் ஓரத்தை நெம்பி மொத்தமாகக் கழற்றுவார். மொட்டைமாடியில் வெயிலிலும் மழையிலும் போட்டுவைப்பார். பிறகு சுண்ணாம்பு, உப்பு, துருப்பிடித்த ஆணி, பழைய வலை நூல் எல்லாம் அதன்மேல் ஏறும். நினைவு எப்படி அழிகிறது என்று காட்டுவதாகச் சொல்வார். எனக்கு அது புரியும். ஆனாலும் அவர் சுவரை நெம்பும்போது ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்பது வெட்கமாக இருக்கும். நான் ஒரு நாளிதழுக்கு இந்த வட்டாரச் செய்திகளை அனுப்புகிறவள். மதுராந்தகத்திலிருந்து கல்பாக்கம் வரை என் முகம் தெரிந்தவர்கள் உண்டு.

“இன்னா மேடம், சாரு பேப்பர் பொறுக்குறாரு? உங்க ஆபீஸ்ல தர மாட்டாங்களா?” என்று படாளத்தில் ஓர் ஆட்டோக்காரர் ஒருமுறை கேட்டார். சிரித்து வைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்கப் பழகியது அதற்குப் பிறகுதான்.

கண்ணீர் அஞ்சலியை எங்கள் பக்கத்தில் யாரும் கிழிப்பதில்லை. கட்சிக்காரர்கள்கூட இறந்தவரின் முகத்தை விட்டுவிட்டுச் சுற்றி ஒட்டுவார்கள். வெயிலும் மழையும் கொண்டுபோகும்வரை அது அங்கேயே இருக்கும். என் கணவருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு காலை, புதுப்பட்டினம் மார்க்கெட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. ஐஸ் கடைச் சுவரில் இருந்த ஒரு முகத்தை அவர் உரிக்க ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. அடியில் பெயர் இருந்த பகுதி கரைந்துபோயிருந்தது. நெற்றியும் மீசையும் நீலமாக வெளுத்திருந்தன. பெயர் போய்விட்டதால் அது யாருடையதும் இல்லை என்று இருவருமே நினைத்துக்கொண்டோம்.

சில மாதங்கள் கழித்து மாமல்லபுரத்தில் ஒரு தங்கும் விடுதியின் தாழ்வாரத்தில் அவருடைய கண்காட்சி நடந்தது. படைப்புகளுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டைகளை எழுதியது நான். அந்த முகத்துக்கு, ‘பெயர் தெரியாத ஒருவர். கடலோரச் சுவர்’ என்று எழுதினேன். செய்தியில் ‘அடையாளம் தெரியாத’ என்று போடுவதற்குமுன் அந்தத் தெருவிலாவது விசாரிப்பேன். இதற்கு நான் யாரையும் கேட்கவில்லை.

விடுதியின் சமையலறைக்கு ஐஸ் இறக்க வந்த ஒருவர், போகும் வழியில் அதன் எதிரில் நின்றுவிட்டார்.

“அட, இது இங்கயா கீது! எவன் எடுத்தான் இத?”

“நானே உரித்தது,” என்றார் என் கணவர். அந்தக் குரலில் பெருமை இருந்தது.

வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “அண்ணாத்த, உன்னால மார்க்கெட்ல நான் நாறிகினு கீறேன், தெரியுமா?”

அந்தச் சுவருக்குச் சொந்தக்காரர் அவர்தான். சுவர் காலியாகக் கிடக்கவே, தன் கடை விளம்பரத்தை அதில் எழுதிவிட்டார். இறந்தவரின் மனைவி அதற்கு நேர் எதிரே மீன் விற்கிறவர். தடைக்காலம் முடிந்து கூடையோடு வந்தவர் பெயிண்டைப் பார்த்து, போஸ்டரைக் கிழித்தது இவர்தான் என்று முடிவுகட்டிவிட்டார். நடு மார்க்கெட்டில் மண்ணை வாரித் தூற்றினார். அன்றிலிருந்து இவரிடம் ஐஸ் வாங்குவதில்லை, அந்த அம்மாவுக்கு வேறு இடத்திலிருந்து வருகிறது. மீன் விற்கும் மற்ற பெண்களும் அந்த அம்மா பக்கம்.

“என் பொண்ணு வளைகாப்புக்கு ஒருத்தி வரல மேடம்,” என்றார். பிறகு அட்டையைப் படித்தார். “பேர் தெரியாதவரா? மார்க்கெட் பூனையக் கேட்டாகூட சொல்லும்.”

நான் அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஐஸ் கடைக்காரர் அதைப் பார்த்தார்.

என் கணவர், நடந்ததை விளக்கமாக எழுதித் தருவதாகச் சொன்னார்.

“எழுதிக் குடுத்தா நான் இன்னா பண்ண? நேர்ல வா. நாலு பேர் எதிர்ல சொல்லு.”

மறுநாள் ஐஸ் ஏற்றும் அவருடைய குட்டியானை வண்டியில் புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் போனோம். படைப்பைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தோம். செங்கல்பட்டில் ஒரு கூட்டம் இருக்கிறது என்று சொல்லி இறங்கிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன்.

“யக்கா, இத வந்து பாரு,” என்று ஐஸ் கடைக்காரர் குரல் கொடுத்தார்.

அந்த அம்மா நிமிரவில்லை. பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், “எங்கியோ நாய் கொலைக்குது பாரு,” என்றார்.

என் கணவர் முன்னால் போனார். “அம்மா, காலம் ஒரு முகத்தை எப்படி…” என்று ஆரம்பித்தார்.

“இன்னா சொல்றாரு இவரு?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

“உங்க வீட்டுக்காரர் போஸ்டரை உரிச்சது இவர்தான். நான் பக்கத்துல நின்னேன். ஐஸ் கடைக்காரர் இல்ல.”

வெட்டும் சத்தம் நின்றது. அந்த அம்மா கையில் ஒட்டியிருந்த செதிலைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து போர்வையை விலக்கினார். ஒரு கண் இருந்த இடத்தை உப்பு அரித்து வெள்ளையாக்கியிருந்தது. உதடுகளின் குறுக்கே வலை நூலால் தையல். மொட்டைமாடியில் என் கணவர் அதைத் தைத்தபோது நன்றாக வந்திருப்பதாக நான் சொல்லியிருந்தேன்.

“இந்தக் கண்ணு மழையில போச்சா, நீ எடுத்தியா?”

“நான்தான்,” என்றார் கணவர். இந்தத் தடவை அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“வாயி?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“மழ எடுத்துகினு போனா அது அதோட வேல. உனக்கு அவரு இன்னா நைனா பண்ணாரு?”

  கூடியிருந்தவர்களில் ஒருத்தி, “பேப்பர்காரம்மா, எங்க சண்டைன்னா ஓடியாந்து போட்டோ புடிப்பியே, இத புடிக்கலியா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சொன்னது பொய்யில்லை. இதே மார்க்கெட்டில் நடந்த ஒரு கைகலப்பைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

“இப்பனா சொல்லு யக்கா, நானா கிழிச்சேன்?” என்றார் ஐஸ் கடைக்காரர்.

அந்த அம்மா அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார். “பெயிண்ட் அட்ச்சது நீதான?”

“அட்ச்சேன்.”

“அத அழி.”

“இன்னிக்கே அழிச்சிர்றேன்.”

“அழிச்சிட்டு வா. இப்ப ஒரு கூடை ஐஸ் போடு, சங்கரா வெயில்ல காயுது.”

அவர் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

படைப்பை அந்த அம்மாவே வைத்துக்கொள்ளலாம் என்று என் கணவர் சொன்னார். “எனக்கு எதுக்கு? நல்ல போட்டோ வூட்ல கீது,” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உட்கார்ந்து எடை போட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு எங்களைப் பார்க்கவில்லை.

முகம் வெளியே தெரியாதபடி போர்வையை மறுபடி சுற்ற வேண்டியிருந்தது. என் கணவர் பிடித்துக்கொள்ள, முடிச்சை நான் போட்டேன். வெளியே போகும் வழியை மீன் கூடைகள் அடைத்திருந்தன. கொஞ்சம் நகர்த்துங்கள் என்று கேட்க எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை. யாராவது ஒரு கூடையைத் தூக்கும்வரை அங்கேயே நின்றோம்.