லன்ச் நேரத்தில் ஒரு ரீகால்

இருபது வருட இன்ஸ்பெக்‌ஷன் வேலையில் அளந்து பார்க்காமல் நான் பாஸ் செய்தது ஒன்றே ஒன்று. அது பிரேக் பாகம் இல்லை, வாட்ஸ்அப் பதிவு. ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். கேஜ் வைத்து அளவு பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எனக்கு ஒரு திமிரே உண்டு. அந்தத் திமிர் ஒருநாள் காலையில் நன்றாக அடி வாங்கியது.

1. பஸ்ஸில்

உள்ளாட்சித் தேர்தல் நேரம். பிள்ளைப்பாக்கத்தில் ஷிப்ட் பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஃபோனில் அந்தப் பதிவு வந்தது. ஒரு கட்சிக்காரர் நடத்தும் பக்கம். எங்கள் லைனில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரப் பையன் பிரதாப் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். கீழே, ‘நம்ம ஊர் முருகன் வெளியே. வெளிமாநிலத்தான் உள்ளே. அதே மிஷின். நாளைக் காலை எட்டு மணிக்கு கம்பெனி கேட்டுக்கு வா. மானம் இருந்தால் பகிர்.’

முருகன் அந்த மிஷினைப் பத்து வருடம் ஓட்டியவன். இரண்டு மாதமாக ஆளைக் காணவில்லை. நான் அப்போது வேறு ஷிப்டில் இருந்ததால் ஏன் போனான் என்று விசாரிக்கவும் இல்லை. படத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. கேட் வருவதற்குள் நான்கு குரூப்புக்கு அனுப்பிவிட்டு, ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

2. டீ பிரேக்

பத்து மணிக்கு பிரதாப் வந்தான். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஆறு வருடத்தில் எங்கள் ஊர்த் தமிழ் அவனுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

“அக்கா, நான் ஊருக்கே போயிடறேன். கேட்டாண்ட வரும்போதே வூட்டுக்காரம்மா ஃபோன் பண்ணி சாயந்தரத்துக்குள்ள காலி பண்ண சொல்லிட்டாங்க. எவனாவது வந்து கல்லு வுட்டா அவங்க இன்னா பண்ணுவாங்க, பாவம்.”

“அதுக்குள்ள அவங்களுக்கு எப்படிடா தெரியும்?”

“அவங்க குரூப்புக்கும் வந்துடுச்சாம். காலைல பஸ்ல எல்லார் ஃபோன்லயும் என் மூஞ்சிதான் கீது. மொதல்ல யாரும் நம்பல. அப்பறம் நீங்க அனுப்பினீங்களாம். ஜெயந்தி அக்கா செக் பண்ணாம அனுப்பாதுன்னு சொல்லிட்டாங்க.”

கோபமே இல்லாமல் சொன்னான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“அந்த போட்டோ எப்ப எடுத்தது?”

“போன வருஷம் சேஃப்டி டேக்கு. ரெண்டு பேருக்கும் பிரைஸ் குடுத்தாங்களே. பக்கத்துல முருகண்ணன் நின்னுகினு இருந்தாரு. அவர கட் பண்ணிட்டாங்க.”

எங்கள் தொழிலில் தப்பு லாட், அதாவது பழுதான சரக்கு, வெளியே போய்விட்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார முடியாது. ரீகால் செய்ய வேண்டும். எங்கெங்கே போனதோ அங்கெல்லாம் துரத்திப் பிடிக்க வேண்டும். ஃபோன் கைக்கு வருவது லன்ச்சில்தான். கிடைப்பது அரை மணி நேரம்.

3. அரை மணி நேரம்

முதல் வேலையாக முருகனுக்கு ஃபோன் போட்டேன். குன்றத்தூரில் காய்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். வேலையை விட்டதும் குரூப்பிலிருந்தும் விலகிவிட்டான். அவன் பெயரில் நடக்கும் கூத்து அவனுக்கே தெரியவில்லை.

“என்ன தூக்கிட்டாங்கன்னு எவன்க்கா சொன்னான்? நானேதான் வேலைய வுடறேன்னு பேப்பர் போட்டேன். லோடு வண்டி வாங்கி ஓட்டிக்கினு கீறேன்.”

“அதையே வாய்ஸ் மெசேஜா பேசி அனுப்பு. இப்பவே.”

இரண்டு நிமிடத்தில் வந்தது. “முருகன் பேசறேன். என்ன யாரும் தூக்கல. பிரதாப்புக்கு அந்த மிஷின கத்துக்குடுத்ததே நான்தான். அவன் மேல கைய வைக்காதீங்க.”

அதோடு என் வரியையும் சேர்த்தேன்: ‘காலையில் நான் அனுப்பியது தப்பு. நீங்கள் யாருக்கு அனுப்பினீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். அங்கேயும் இதைப் போடுங்கள்.’ பதில் வர வர, ஒரு பேப்பரில் குரூப் பெயரை எழுதி, அங்கே திருத்தம் போனதும் டிக் அடித்தோம். லைன் பெண்கள் ஆறு பேர் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

சூப்பர்வைசர் பாஸ்கர் சார் வந்தார். “இன்னாம்மா, கேன்டீன்ல மீட்டிங்கா? பாலிடிக்ஸ கேட்டுக்கு வெளிய வச்சிக்கங்க.”

“பாலிடிக்ஸ் இல்ல சார். தப்பு லாட் என் கையெழுத்துல வெளிய போயிருக்கு.”

“எத்தினி எடம்?”

“இதுவரைக்கும் பதினொண்ணு.”

மெதுவாகத் தன் ஃபோனை எடுத்தார். “பன்னண்டுன்னு போட்டுக்க. எங்க தெரு குரூப்புக்கு நானும் அனுப்பிட்டேன்.”

பெல் அடிக்கும்போது பேப்பரில் டிக் இல்லாத பெயர் ஒன்றுகூட இல்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எந்த ஆடிட்டிலும் வந்ததில்லை.

அந்தப் பதிவைப் பிறகு நிதானமாகப் பிரித்துப் பார்த்தேன். படம் நிஜம். முருகன் போனது நிஜம். அந்த மிஷினில் பிரதாப் இருப்பதும் நிஜம். பாகம் பாகமாக அளந்தால் எல்லாம் ஓகே. மாட்டிய விதத்தில்தான் கோளாறு. அது கண்ணில் படக்கூடாது என்றுதான் மானம், நாளைக் காலை எட்டு மணி என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள்.

4. மறுநாள் காலை

கேட்டில் நான்கு பேர், ஒரு மைக். எங்கள் பஸ் நின்றபோது, “முருகனுக்கு நீதி வேண்டும்” என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். ஒரு லோடு வண்டி வந்து அவர் பக்கத்திலேயே நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

“நான்தான் முருகன். உனக்கு இன்னா வேணும்?”

பஸ்ஸே சிரித்துக் குலுங்கியது. மைக் அதோடு அணைந்தது. பிரதாப் இறங்கி ஓடிப்போய் முருகன் கையைப் பிடித்துக்கொண்டான். “வூட்டுக்காரம்மா இருக்க சொல்லிட்டாங்கண்ணா.”

ஜெயித்துவிட்டோம். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். இப்போதும் பதிவுகள் வருகின்றன. வயிறு எரிந்தால் உடனே கையை நிறுத்தி, சம்பந்தப்பட்டவருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்கிறேன். முருகனோடு நான் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. அதைக் காலையிலேயே பேசியிருந்தால் பிரதாப் பெட்டி கட்ட நினைத்திருக்கவே மாட்டான்.